ஆறு வண்டிக்கு ஒரு பெயர்

காலையில் கதவைத் தட்டுகிறவனை யாருக்கும் பிடிக்காது. என் பிழைப்போ காலையில் கதவைத் தட்டுவது. மலாயா சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாகச் சில வருஷங்கள் மலாக்கா நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தேன். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர், ஒரே சைக்கிளில் பின்னால் ஆள் ஏற்றியவர், சாலையை அடைத்துக் கடை போட்டவர், லோரியில் அளவுக்கு மேல் ஏற்றியவர் என்று எல்லோருக்கும் அபராதம் விழும். கட்டினால் சரி. கட்டாவிட்டால் வாரண்டு. வாரண்டு என்றால் என்னோடு ஒரு போலீஸ்காரரும் வருவார். எங்கள் ஊரில் போலீஸ்காரரை மாத்தா என்போம். ஆளைக் காட்டுவது நான், கையைப் பிடிப்பது மாத்தா.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. கடலை மடித்து வந்த தாள்களைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். ஆனால் என் காது நல்ல காது. ஜனங்கள் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளும். என்னைத் திட்டியதையெல்லாம்கூட ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆற்றோரத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்த நாவிதர் ஒருவர் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க மாப்பிள்ளை. பொண்ணு தயாராத்தான் இருக்கு. லாக்கப்புல வச்சுத் தாலி கட்டிடலாம்" என்றார். செமாபோக்கில் ஒரு அம்மாள், "உன் சைக்கிள் சத்தம் கேட்டாலே எம்மவனுக்கு வயித்தால போகுது. நீ மருந்துக் கடையில வேலைக்குச் சேந்திருக்கலாம்" என்றாள். மளிகைக்கடை ராவுத்தர் ஒருவர் மட்டும் எப்போதும் மரியாதை குறையாமல், "தம்பி, நீங்க தங்கமானவரு. உங்க கையில இருக்கற தாளுதான் சைத்தான்" என்பார். சொல்லிவிட்டு ஒரு மிட்டாயும் கொடுப்பார். அபராதம் மட்டும் கட்டமாட்டார்.

நான் குடியிருந்தது காஜா பேராங்கில், தலைமுறைகளாக மலாயாவில் வாழ்ந்து தமிழை மறந்துபோன மலாக்காச் செட்டி ஒருவர் வீட்டின் பின்னறையில். வீட்டுக்கார அம்மாளுக்கு நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். கோவில், பூசை, சாமி என்கிற சொற்கள்தான் எங்கள் இருவருக்கும் பொது. நான் காலையில் சைக்கிளை வெளியே தள்ளும்போதெல்லாம் அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டே, "ஹாரி இனி சியாப்பா?" என்று கேட்பார். இன்றைக்கு யார் என்று அர்த்தம். கசாப்புக் கடையில் இன்றைக்கு எந்த ஆடு என்று கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

அப்போதெல்லாம் வாரண்டுக் கட்டில் மேலே இருப்பவர்தான் முதலில் மாட்டுவார். மேலே யார் இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி. பெரிய கடைக்காரர்கள், தவுக்கே என்கிற சீன முதலாளிகள் இவர்களின் தாள்கள் எப்படியோ தண்ணீரில் போட்ட கல்லாக அடிக்குப் போய்விடும். அந்த ஆற்றோர நாவிதரின் தாள் மட்டும் எண்ணெயாக மேலே மிதந்துகொண்டே இருக்கும். அவர் பக்கத்திலேயே இருக்கிறார், ஓடமாட்டார், லாக்கப்பும் கூப்பிடு தூரம். எனக்கும் சைக்கிள் மிதிக்கிற வேலை மிச்சம்.

சுதந்திரம் வந்து, வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஊருக்குப் போய், நம் நாட்டுக்காரர் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். இளம் வயது, சீமையில் படித்தவர், குரல் உயராத மனிதர். வந்த சில நாட்களிலேயே ஆபீஸ் அறைக்குள் நுழைந்து வாரண்டுக் கட்டை அப்படியே கவிழ்த்துப் போட்டார். அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது.

"இந்த லோரித் தவுக்கே பேரில் இத்தனை கிடக்கிறதே. இவரை ஒரு தடவைகூட ஏன் கூட்டிவரவில்லை?" என்று கேட்டார்.

பெரிய கிராணி, "அவருக்கு ரொம்ப வேலை, துவான்" என்றார்.

"நாவிதருக்கு வேலை இல்லையா?"

இனிமேல் யார் அதிகம் பாக்கி வைத்திருக்கிறாரோ அவர்தான் முதல், முகம் பார்க்கக்கூடாது, சாதி மதம் பார்க்கக்கூடாது, பிடித்து வந்தவரைத் தன் முன் நிறுத்தி அவரவர் பாஷையில் பேசவிடவேண்டும் என்று உத்தரவு போட்டார் மாஜிஸ்திரேட். எனக்கு அவரைக் கும்பிடவேண்டும் போல இருந்தது. கிராணி பேர்வாரியாகத் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். லோரித் தவுக்கேயின் அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. இதற்குமேல் யாரும் வரமுடியாது என்று நினைத்தேன். அதையும் தாண்டி ஒரு அடுக்கு வந்தது. கிராணி மேலே இருந்த தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மலாக்காவிலேயே பெரிய தூங்குமூஞ்சி யாருன்னு தெரியுமா உனக்கு?"

வண்டியில் தூங்கிக்கொண்டு மாட்டைப் போகவிட்ட குற்றம். எல்லாத் தாளிலும் அதே குற்றம், அதே பெயர். எனக்கு அந்தப் பெயர்க்காரரைத் தெரியும். காஜா பேராங் ரோட்டில் வண்டிமேல் உட்கார்ந்து ஒரு நாளும் கண் மூடாத ஒரே ஆள் அவர்தான்.

அது எப்படி என்று சொல்கிறேன். பத்து பெரெண்டாம் பக்கமிருந்து விறகும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு ஆறு மாட்டு வண்டிகள் தினமும் இருட்டோடு கிளம்பி, விடிகிற நேரத்தில் காஜா பேராங் வழியாகப் பாசாருக்குப் போகும். முன் வண்டியின் பின்கட்டையில் இரண்டாம் வண்டி மாட்டின் கயிறு, இரண்டாம் வண்டியில் மூன்றாம் மாட்டின் கயிறு என்று ஆறும் ஒரே சங்கிலி. முன் வண்டிக்காரர் விழித்திருந்தால் போதும், மற்ற ஐந்து பேரும் மூட்டைமேல் படுத்துத் தூங்குவார்கள். அப்படித் தூங்கினால்தான் பகலில் சுமை இறக்க உடம்பு இருக்கும். சட்டத்துக்கு அது தெரியாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் விழித்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். மாத்தா சில நாள் நிறுத்தி, கையில் படுகிற ஒரு வண்டியை மட்டும் தட்டுவார். தூங்கியவர் பெயர் என்ன என்று கேட்பார். மலாக்காவில் அப்போது கெடுபிடி குறைவு, அந்த நேரத்தில் மாத்தாவுக்கும் பாதித் தூக்கம், அடையாள அட்டையை எடு என்று யாரும் கேட்பதில்லை. சொன்ன பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

தூங்கியது யாராக இருந்தாலும் முன் வண்டிக்காரரின் பெயரைத்தான் சொல்வார்கள். அது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆறு பேரும் தனித்தனியாகக் கோர்ட்டுக்கு அலைந்தால் ஆறு பேருக்கும் அரைநாள் கூலி போகும். ஒரே பெயராக இருந்தால் ஒருவர் போய்க் கட்டிவிட்டு வந்துவிடலாம். பணம் ஆறு பேரின் பொது உண்டியலிலிருந்து. முன் வண்டிக்காரரும் சம்மதித்துத்தான் பெயரைக் கொடுத்தார். வருஷக்கணக்காக இது ஒழுங்காக ஓடியது.

சுதந்திரம் வரப்போகிறது என்றதும் இரண்டாம் வண்டிக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மனிதருக்கு வாய் பெரிது. சந்தி டீக்கடையில் அவர் பேசினால் மற்ற வண்டிக்காரர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"வெள்ளைக்காரன் போட்ட அபராதம்டா இது. அவன் கப்பல் ஏறும்போது அதுவும் கூட ஏறிடும். போற விருந்தாளிக்குக் கடன் கட்டுவியா?"

யாரும் கட்டவில்லை. உண்டியலை உடைத்துச் சுதந்திர ஊர்வலத்துக்கு மாடுகளை ஜோடித்தார்கள். ஆறு மாட்டின் கொம்புக்கும் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாகக் கொடியின் வர்ணம். நானும் கைதட்டினேன். அவ்வளவு அழகு.

கப்பல் போனது. தாள்கள் போகவில்லை.

முன் வண்டிக்காரர் தலையில் எப்போதும் பெரிய முண்டாசு இருக்கும். உள்ளே இடுப்புவரை முடி. மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில், காஜா பேராங் மாரியம்மனுக்கு ஐந்து வருஷம் முடி வளர்த்துக் கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்துவிட்டாள். ஐந்தாவது வருஷத் திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தபோதுதான் நான் அந்த வாரண்டோடு போனேன்.

அவர் வாரண்டைப் பார்க்கவில்லை. கூட வந்த மாத்தாவையும் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்: "ஜெயில்ல முடியை வெட்டிருவாங்களா?"

"எல்லாருக்கும் வெட்டுவாங்கண்ணே."

"திருவிழா வரைக்கும் விடச் சொல்லுங்க. அப்புறம் நானே நடந்து வந்து உக்காந்துக்கறேன்."

அவர் மனைவி வாசலில் நின்று, "அம்மனுக்குச் சொன்னதை சர்க்கார்காரன் எடுத்துக்கிட்டா, அம்மன் எங்ககிட்ட எதை எடுப்பா?" என்றார். மகள் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள்.

மாஜிஸ்திரேட் உண்மையிலேயே நியாயமானவர். முதல் நாளே ஜெயிலுக்கு அனுப்பவில்லை. பாதியைக் கட்டு, மீதியை மாதாமாதம் கட்டு, ஒரு வாரம் தருகிறேன் என்றார். எல்லோருக்கும் அதே ஒரு வாரம்தான். லோரித் தவுக்கேக்கும் கொடுத்தார். தவுக்கேயின் ஆள் அன்று மதியமே வந்து முழுவதையும் கட்டிவிட்டு, "என்ன சார், புது விதியெல்லாம் பலமா இருக்கே" என்று எனக்கு ஒரு சிகரெட் நீட்டிவிட்டுப் போனார்.

முன் வண்டிக்காரர் மற்ற ஐந்து பேரையும் டீக்கடையில் உட்காரவைத்துப் பேசினார். நானும் அந்தப் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தேன். ஐந்து பேரும் தலைக்கு ஒரு பங்கு கொடுத்தால் பாதித்தொகை சேர்ந்துவிடும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டாம் வண்டிக்காரர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, நான் சொல்றத நிதானமா கேளுங்க. ஆறு பேரும் காசு போட்டா ஆறு வீட்டுலயும் அடுப்பு காயும். நீங்க ஒருத்தர் உள்ள போனா அபராதம் தானா கழிஞ்சிரும். சோறும் அவனே போடுவான். வாடகை இல்ல. எங்களுக்கு இந்தக் குடுப்பினை இல்லையேன்னு இருக்கு."

"என் முடி?"

"முடிதானேண்ணே. மாட்டையா கேக்கறான்?"

"அது அம்மனுக்குச் சொன்ன முடி."

மூன்றாம் வண்டிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அம்மன் எங்க போகப்போறா? அடுத்த வருசமும் அங்கதான் உக்காந்திருப்பா. நீங்களும் சும்மாதான் வளக்கறீங்க. எண்ணெய்ச் செலவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார்.

"நான் ஒரு நாள் தூங்கினதில்லையேடா" என்றார் முன் வண்டிக்காரர்.

"அதனாலதாண்ணே உங்க பேரை வச்சோம்" என்றார் இரண்டாமவர். "நல்ல பேரு. கெட்டுப்போகாதுன்னு நம்பினோம்."

கடைசி வண்டிக்காரர் மட்டும் கொஞ்சம் நெளிந்தார். தன் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அதற்குப்பிறகு அவர் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. உங்கள் மாட்டை நாங்கள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று மட்டும் ஐந்து பேரும் சத்தியம் செய்தார்கள்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் பெரிய கிராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "துவான்கிட்ட சொல்லலாம். சொன்னா அஞ்சு பேருக்கும் பொய்ப் பேர் சொன்ன குற்றம். அதுக்கு உடந்தையா இருந்ததுக்கு இவருக்கும் சேர்த்து. இப்ப ஒரு ஜெயில், அப்ப ஆறு ஜெயில். உங்க அண்ணனையே கேட்டுட்டு வா." கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். "கோர்ட்டுக்கு அவனுங்க வருவானுங்கல்ல. நான் கூண்டுல நிக்கறதப் பார்த்தா அவனுங்களே எந்திரிப்பானுங்க" என்றார். அதை உறுதியாக நம்பினார்.

ஐந்து பேரும் வந்திருந்தார்கள். வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, கடைசி பெஞ்சில் வரிசையாக. மாஜிஸ்திரேட் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்:

"இத்தனை தடவை தூங்கியிருக்கிறீர்களே, உடம்புக்கு ஏதாவது நோயா? டாக்டரிடம் காட்டினீர்களா?"

அவர் அக்கறையாகத்தான் கேட்டார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இவை எல்லாமே நீங்கள்தானா?"

முன் வண்டிக்காரர் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒருவர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் நகத்தில் இருந்த அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் வண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வண்டியில் இருப்பது மாதிரியே. மொழிபெயர்ப்பாளர் கேள்வியை இன்னொரு தடவை சொன்னார்.

"ஆமாங்க துவான். எல்லாம் நான்தான்."

முடி விஷயத்தையும் சொன்னார். திருவிழாவரை தவணை கேட்டார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, இவருக்குக் கொடுத்தால் நோன்புப் பெருநாள்வரை கேட்கிறவருக்கும் சீனப் புத்தாண்டுவரை கேட்கிறவருக்கும் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் ஓரவஞ்சனை என்பார்கள், தன்னால் தராசில் ஒரு தட்டை மட்டும் தாழ்த்த முடியாது என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லும்போது அது இன்னும் அழகாக இருந்தது.

ஜெயிலுக்குள் ஒப்படைக்கும்வரை நானும் மாத்தாவும் கூடப் போனோம். உள்ளே நுழைந்ததும் முதல் அறையிலேயே முடி வெட்டுகிறவர். முண்டாசை அவிழ்த்தார்கள். முடி பின்னால் விழுந்து நாற்காலிக்குக் கீழேவரை தொங்கியது. வார்டர் ஒருவர் அதைக் கையில் சுற்றித் தூக்கிப் பார்த்து, "இத வச்சு நாலு பொம்பளைக்கு சவுரி கட்டலாம்" என்றார். கத்தரி போதவில்லை, வேறொன்று கொண்டுவந்தார்கள். வெட்டியதைத் தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா என்று முன் வண்டிக்காரர் கேட்டார். எல்லார் முடியும் ஒரே தொட்டிதான், உனக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்றார் வார்டர். கூட்டிக் குவித்து ஏற்கனவே இருந்த முடியோடு தள்ளினார்.

பத்து பெரெண்டாமுக்கு நான்தான் சேதி கொண்டுபோனேன். அவர் மனைவி, "முடியையாவது குடுத்தானுங்களா?" என்று கேட்டார். இல்லையம்மா என்றேன்.

திருவிழா அன்று காஜா பேராங் முழுக்கக் கூட்டம். எங்கள் வீட்டுக்கார அம்மாள் பட்டுக் கெபாயா போட்டுக்கொண்டு பழத்தட்டோடு நின்றார். வண்டிக்காரர்கள் ஐந்து பேரும் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் கட்டியிருந்தது முன் வண்டிக்காரருடைய மாடு. கொம்பில் கொடி வர்ணம் பாதி உரிந்திருந்தது. முடி இறக்குகிற இடத்தில் ஆண்கள் வரிசையில் அவர் மனைவி வந்து உட்கார்ந்தார்.

"பூமுடிதானேம்மா?" என்று கோவில் நாவிதர் கேட்டார். பெண்களுக்கு மூன்று கொத்து நறுக்கினால் போதும், அதைத்தான் பூமுடி என்பார்கள்.

"முழுசா எடுங்க."

"உங்களுக்கா வேண்டுதல்?"

"அவருக்கு. அவருது வரல. இத வச்சுக்கச் சொல்லுங்க."

கத்தி ஓட ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற சில பெண்கள் புருஷன் போய்விட்டானோ என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். யாரோ, போகவில்லை, ஜெயிலில் இருக்கிறான் என்றதும் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள், "காசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் பழத்தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனார்.

முன் வண்டிக்காரர் விடுதலையான காலையில் ஐந்து பேரும் மாலையோடு ஜெயில் வாசலில் நின்றார்கள். எனக்கும் அங்கே ஒரு தாள் கொடுக்கிற வேலை இருந்தது. வாழையிலையில் நாசி லெமாக் சோறு கட்டி வந்திருந்தார்கள். கதவு திறந்து அவர் வந்தார். மண்டை பளபளவென்று, காது இரண்டும் புதிதாக முளைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் வண்டிக்காரர் மாலையைப் போட்டார்.

"மொட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குண்ணே. இத்தனை நாளு மறைச்சு வச்சுட்டீங்க."

பக்கத்து மரத்தடியிலிருந்து அவர் மனைவி வந்தார். முக்காடு விலகியிருந்தது. முன் வண்டிக்காரருக்கு அது தெரியாது, யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் மனைவியின் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஜோடிப் பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்" என்றார் இரண்டாமவர். "ஒரே குலையில ரெண்டு தேங்காய்."

ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன் வண்டிக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் மாட்டிடம் போய்க் கழுத்தைத் தடவினார். நுகத்தடி பட்ட இடத்தில் தோல் கிழிந்து ஈ மொய்த்தது.

"இந்தப் புண்ணு எப்ப வந்துச்சு?"

"கொஞ்சம் ஓட்டம் ஜாஸ்திண்ணே. அதுக்கு வழி தெரியும், எங்களுக்குத் தூக்கம் வரும். அத முன்னால கட்டிட்டா யாரும் முழிக்கவேண்டியதில்ல. நீங்க இல்லாத குறையே தெரியல" என்றார் மூன்றாமவர். நாளைக்கு மறுபடி முன்னால் நீங்கள்தான் என்று தட்டிக்கொடுத்தார்கள். சரி என்றார்.

மாட்டுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு ஆறவிட்டு, சில நாள் கழித்துத்தான் அவர் வண்டி கட்டினார். அந்தக் காலையில் நான் ஒரு வாரண்டுக்காக வெளிச்சம் வருவதற்குள் சைக்கிளை எடுத்தேன். காஜா பேராங் சந்தியில் போலீஸ் கொட்டகை. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆறு வண்டியும் வந்துகொண்டிருந்தன. முன்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் ஐந்து பேரும் தூக்கம். கொட்டகைக்கு நேர் எதிரே வந்ததும் மாட்டை நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போய், இரண்டாம் மாட்டின் கயிற்றைத் தன் வண்டியிலிருந்து அவிழ்த்தார். அவசரமே இல்லை. கயிற்றை அழகாகச் சுருட்டி அந்த மாட்டின் கொம்பிலேயே மாட்டினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

இழுக்கக் கயிறு இல்லாததால் இரண்டாம் மாடு நின்றது. அது நின்றதால் மற்றவையும் நின்றன. சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஐந்து வண்டிகள், ஐந்து குறட்டைகள். முதல் பஸ் வந்து ஹாரனை அடித்தது. கொட்டகையிலிருந்து ஒரு மாத்தா வந்தார். புதிதாகப் பயிற்சி முடித்து வந்த பையன், சட்டையின் கஞ்சி விறைப்பு இன்னும் குறையவில்லை. இரண்டாம் வண்டியைத் தடியால் தட்டிப் பெயர் கேட்டார். இரண்டாம் வண்டிக்காரர் கண்ணைத் திறக்காமலே முன் வண்டிக்காரரின் பெயரைச் சொன்னார். மாத்தா எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அவரும் அதே பெயரைச் சொன்னார். அடுத்தவரும் அதே பெயர். அதற்கடுத்தவரைத் தட்டவேண்டியிருக்கவில்லை, கொட்டாவியோடு அவராகவே சொன்னார். மாத்தா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடைசி வண்டியைப் பார்த்தார். அங்கிருந்தும் அதே பெயர் வந்தது.

"செமுவா சாத்து நாமா?" என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே பெயரா?

இரண்டாம் வண்டிக்காரர் இப்போதுதான் எழுந்து உட்கார்ந்தார். "இல்லீங்க ஐயா, அது எங்க அண்ணன் பேரு. அண்ணன் முன்னால இருக்காரு பாருங்க" என்று கையை நீட்டினார். முன்னால் வெறும் சாலைதான் இருந்தது. மாத்தா உள்ளங்கையை நீட்டி அடையாள அட்டை கேட்டார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வாசலில் துடைப்பத்தோடு நின்ற எங்கள் வீட்டுக்கார அம்மாள் அன்றைக்கு யார் என்று என்னைக் கேட்கவே இல்லை.

பொய்ப் பெயர் சொன்ன வழக்கு ஐந்து பேர்மேலும் வந்தது. சம்மன்களை நான்தான் கொண்டுபோனேன். மூன்றாம் வண்டிக்காரர் தாளை வாங்காமல் என்னைத் திண்டாடவைத்தார். கடைசி வண்டிக்காரர் அழுதார். இரண்டாம் வண்டிக்காரர், "கூடவே இருந்த மனுசன் இப்படிச் செய்வாரா? எத்தனை வருசம் அவர் பின்னாலேயே வந்திருப்போம்" என்றார். நெஞ்சைத் தொட்டுத்தான் சொன்னார். அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முன் வண்டிக்காரர் இந்த வழக்கில் சாட்சி. அவருக்கும் ஒரு தாள் இருந்தது. நான் போனபோது தம்பதி இருவரும் வாசலில் மாட்டுக்குத் தேங்காய்ப் பிண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தலையிலும் அரிசி முனை அளவுக்கு முடி வந்திருந்தது. பெயர் சொன்ன குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று மாஜிஸ்திரேட் கேட்டாலும் கேட்பார் என்றேன். கேட்கட்டும், இனிமேல் வெட்ட என்ன இருக்கிறது என்றார்.

"யார் யார் பேர் போட்டிருக்கு? படிங்க."

படித்தேன். ஐந்து பெயர்களையும் அப்பன் பெயரோடு.

"மெதுவா" என்றார்.

மறுபடி படித்தேன். அவர் ஒவ்வொரு பெயருக்கும் பிண்ணாக்கை ஒரு கட்டி உடைத்துத் தண்ணீரில் போட்டார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அவனுங்களுக்கும் எடுப்பாங்களா?" என்று தன் தலையைத் தொட்டுக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆள் பார்க்கமாட்டாங்க."

அவர் உள்ளே போய் எனக்குக் கோப்பி கொண்டுவந்தார். அந்த வீட்டில் நான் வாங்கிக் குடித்த முதல் கோப்பி அது. நல்ல சர்க்கரை. குடித்து முடித்து நான் சைக்கிளைத் திருப்பும்போது முன் வண்டிக்காரர் வாளியிலிருந்து நிமிராமலே கூப்பிட்டார்.

"அந்த ரெண்டாம் வண்டிக்காரன் பேரை மட்டும் இன்னொரு தடவை படிச்சுட்டுப் போங்க."